மூன்று பக்கத்துக்கு நாலு மெகாபைட்

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் நான் வேலை செய்த தொழிற்சாலை கழித்துவிட்ட கணினி ஒன்று என் வீட்டில் இருந்தது. ஒரு மெகாபைட் மெமரிதான். கடிதம் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அப்படியே நின்றுவிடும்.

மனைவியை டென்மார்க்குக்கு அழைக்க விண்ணப்பித்து இரண்டு வருடம். முடிவு வரவில்லை. முழுக் கதையையும் டேனிஷில் எழுதி குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்புவதென்று நாலு மெகாபைட் வாங்கினேன்.

சனிக்கிழமை காலை அதைக் கணினிக்குள் பூட்ட வந்த நண்பன் பெட்டியைத் திறக்காமல் சுவர்க் கலண்டரைப் பார்த்தான்.

"பொறுங்கோ அண்ணை, ராகுகாலம். பத்தரைக்குத் திறப்பம்."

"ரெண்டு வருசமா என்ரை மனுசியின்ரை ஃபைல் கிடக்குது. அதுக்கும் ராகுகாலமோடா?"

"அதாலதான் சொல்லுறன். இதையும் கெடுக்காதேங்கோ."

அது யாழ்ப்பாணத்துக் கலண்டர். அங்கே அப்போது மத்தியானமே கழிந்திருக்கும். ஆனாலும் காத்திருந்தேன். காத்திருக்கத்தான் நன்றாகப் பழகியிருந்தோமே.

பத்தரைக்குப் பூட்டினான். கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை. அதைத் திட்டாமல் மூன்று பக்கம் எழுதினேன்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. ஒரே வரி. அதை எழுத என் பழைய ஒரு மெகாபைட்டே போதும்.