உப்பளத்தில் ஸ்கோப் பார்த்த மதியம்

அந்தப் பெண்ணை நான் ஏன் இரண்டாவது தடவையும் பார்த்தேன்?

என் கணவர் ரைபிள் கிளப்பில் தொலைதூரக் குறி சுடப் பயிற்சி எடுக்கிறார். துப்பாக்கியில் பொருத்த, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் உயர்ரக ஸ்கோப் வாங்குவதற்காக, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடையிலிருந்து இரண்டை எடுத்து வந்திருந்தார். மரக்காணம் உப்பளத்தில் அவற்றை ஸ்டாண்டில் வைத்தோம். அந்த வெட்டவெளிக் கானலில் எது தெளிவாகக் காட்டுகிறது என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் ஸ்கோப்பில், வெகுதொலைவில் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் தெரிந்தாள். கூட வேலை செய்பவர்களுக்கு மறைவாக உட்கார்ந்து, கட்டிக்கொண்ட தாய்ப்பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். எனக்கும் கைக்குழந்தை இருக்கிறது. அந்த வலி தெரியும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க, அடுத்த ஸ்கோப்பையும் அவள் மீதே திருப்பினேன்.

"இதுதாங்க நல்லா இருக்குது. முகத்துல வேர்வை கூடத் தெரியுது."

"யாரு முகத்துல?" என்று அவர் குனிந்தார். அவசரமாக அதை வேறு பக்கம் திருப்பினேன்.

வேலை முடிந்து அவள் எங்களைத் தாண்டிப் போனாள். "இன்னாக்கா பாக்குறீங்க?" என்று சிரித்தபடி என்னைக் கேட்டாள்.

"கொக்கும்மா."

"அம்மாந்தூரம் தெரியுதா?"

"சூப்பரா தெரியுது" என்றேன், யோசிக்காமல்.

அவள் திரும்பி அந்தக் குவியலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

அந்த ஸ்கோப்பைத்தான் வாங்கினோம். அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டால் மறுபடியும் கூச வைப்பேனோ? அல்லது, போகாமலிருக்க இது நான் கண்டுபிடித்த சாக்கா? நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் நான் வருவதை விரும்புவீர்களா? தயவுசெய்து சொல்லுங்கள்.