அம்மாவின் பங்கு

சிங்கப்பூரின் டோபி காட் பகுதியில் நான் மழைக்கு ஒதுங்கிய தேவாலயத்தில், அம்மா முன்பு பாடிய சேர்ந்திசைக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. பல குரல்களுக்கு நடுவே, தாழ்ந்து ஒலித்த ஒரு குரலின் லத்தீன் வரிகள் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தன.

குவீன்ஸ்டவுன் வீட்டில், கஞ்சி போட்ட துணியின் சூட்டு மணத்துக்கு நடுவே, அம்மா இஸ்திரி போட்டபடி அந்த லத்தீன் வரிகளைப் பாடுவார். அப்பா செய்தித்தாளிலிருந்து நிமிராமல் கேட்பார்: "என்ன பாட்டு இது, ராகமே இல்லாம?"

"இது என் பங்கு மட்டுந்தாங்க. எல்லாரும் சேர்ந்து பாடினாத்தான் பாட்டு. ஒரு தடவ வந்து கேளுங்க லா."

அப்பா போனதேயில்லை, என்னையும் அனுப்பியதில்லை. கச்சேரி நாட்களில் அம்மா கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறுவார்.

இன்றுதான் முழுப் பாட்டையும் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. ஒத்திகை முடிந்து வந்த தமிழ்ப் பெண்ணிடம், "எங்கம்மா இங்க ரொம்ப வருஷம் பாடினாங்க" என்றேன்.

"அப்படியா? பேரென்ன?"

சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை.