மையாகிப் போன தேநீர்

எங்கள் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு பேர். அதில் பதினோரு பேர் மனிதர்கள் மாதிரி டீ குடிப்போம். எதிர்க்கடையிலிருந்து கெட்டிலில் வரும், பால் விட்ட, சர்க்கரை தூக்கலான டீ. பன்னிரண்டாவது ஆள்தான் பச்சைத்தண்ணி அக்கா.

அந்தப் பெயரை வைத்தது நான்தான். பின்னே என்ன? ஒரு சிட்டிகை இலையைப் போட்டு வெந்நீரை ஊற்றி வடிகட்டினால், மஞ்சள் லேசாகப் பூசின தண்ணீர் வருகிறது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

"இதுக்கு வெந்நியையே குடிச்சுட்டுப் போகலாமேக்கா."

"நீ குடிக்கிறது மட்டும் டீயாடி? சர்க்கரைப்பாகு. வாயில ஈ மொய்க்குது பாரு."

அக்காவுக்கு இரண்டு பெரிய சலவை மெஷின்கள் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக அதே இடம். அவள் தம்பி கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அக்காவுக்கு ஒரு தேயிலை டின் வாங்காமல் ஏற மாட்டார். கஞ்சிப்பசை பாக்கெட்டுகளுக்கு மேலே உள்ள பலகையில் அந்த டின்கள் வரிசையாக நிற்கும். காலையில் ஜப்பான்காரர்களின் பச்சைத் தேயிலை. பதினோரு மணிக்கு மல்லிகை வாசம் ஏற்றினது. மூன்று மணிக்கு ஊலாங் என்று ஒன்று. மிளகு மாதிரி சுருண்டு கிடக்கிற இலை, வெந்நீர் பட்டதும் சோம்பல் முறித்துக்கொண்டு பிரியும். அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். ஒரே இலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவாள். முதல் தடவை வாசத்துக்கு, இரண்டாவது ருசிக்கு, மூன்றாவது சும்மா பேச்சுத்துணைக்கு என்பாள்.

பச்சைத் தேயிலைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாதாம். இறக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்கு அக்காவிடம் கடிகாரம் கிடையாது. பெரிய மெஷினுக்குத் தண்ணீர் நிரம்புகிற நேரம்தான் கணக்கு. தண்ணீரும் அந்த மெஷின் குழாயிலிருந்துதான். அதில் உப்பை எடுத்துவிடுகிறார்கள், இலைக்கு அதுதான் சுகம் என்பாள். பிறகு மெஷின் கடைசிச் சுற்றில் தடதடக்கும்போது அதன்மேல் முதுகைச் சாய்த்து, பிடியில்லாத அந்தச் சின்ன வெள்ளைக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக் குடிப்பாள். முகத்தைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். சொல்ல மாட்டேன்.

தம்பி கரைக்கு வந்தாரென்று அக்கா பத்து நாள் லீவு போட்டாள். அந்தப் பத்து நாளில்தான் என் தலையில் இடி விழுந்தது.

ஹோட்டலுக்குப் போன வெள்ளை விரிப்புகள் திரும்பி வந்தன. கடுகு கடுகாகப் பழுப்புக் கறை. மேனேஜர் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார்.

"இது டீக்கறை. இஸ்திரி உருளைகிட்ட டம்ளர் வெச்சுக்கிறது யாரு?"

டம்ளர் என்னுடையது. இஸ்திரி உருளையில் விரிப்பைக் கொடுத்து வாங்குகிறவளும் நான்தான்.

"சத்தியமா நான் இல்ல சார்."

"அப்புறம் யாரு, நானா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வாய் சும்மா இருக்குமா? "இருநூறு விரிப்புலயும் ஒண்ணு விடாம குனிஞ்சு குனிஞ்சு டீ தெளிச்சேனா சார்? எனக்கு வேற வேலை இல்ல?" என்று கேட்டுவிட்டேன். அந்த வாய்தான் வினையாகப் போயிற்று. கூடத்தில் இனி யாரும் டீ குடிக்கக் கூடாது, சனிக்கிழமையோடு நான் நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு வருஷ வேலை. வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். அழுக்குப் பண்ணுகிறவள் என்று பேர் வாங்கிக்கொண்டு போனால் எந்தச் சலவைக்கூடத்தில் உள்ளே விடுவார்கள்? இரண்டு நாள் வீட்டில்கூடச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள், புது டின்னோடு. முகமெல்லாம் சிரிப்பு. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"சரி, முதல்ல ஒரு வாய் குடி. அப்புறம் அழு."

"டீயே கூடாதுன்னுட்டாரு."

"அது டீக்குத்தானே? என்னோடது பச்சைத்தண்ணிதானே, நீயே சொல்லுவியே."

மெஷின் குழாயில் தண்ணீர் பிடித்தாள், சுட வைத்தாள், ஆற விட்டாள், இலையில் ஊற்றினாள். கோப்பையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். உள்ளே மை மாதிரி கறுப்பு.

"ஐயையோ, என் தம்பியை எவனோ ஏமாத்திட்டான்!"

அடுத்த நிமிஷம் தம்பிக்கு போன். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வாங்கினாய் என்று அக்கா வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். பேசிக்கொண்டே பழைய டின்னிலிருந்து மல்லிகைத் தேயிலையைப் போட்டாள். அதுவும் கறுப்பு. ஊலாங், அதுவும் கறுப்பு. போனைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"மூணு டின்னும் ஒரே நாள்ல கெடுமாடி?"

போனில் தம்பி கத்தியது எனக்கே கேட்டது. "எந்தத் தண்ணியில போட்ட? கப்பல்ல ஒரு தடவை துருப்பிடிச்ச கெட்டில்ல போட்டு எனக்கும் இப்படித்தான் ஆச்சு!"

அக்கா போனை வைத்தாள். அந்த மெஷின் தண்ணீரைக் குடிக்கிறவள் எங்கள் பன்னிரண்டு பேரில் இவள் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் கடையிலிருந்து வருகிறது. அதனால் பத்து நாளாக யாருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் அறைக்கு நேராகப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார், ஒரு நிமிஷம் வந்து டீயைப் பாருங்க."

"டீயே கூடாதுன்னு சொன்னேனே."

"குடிக்க வேணாம் சார். பார்த்தாப் போதும்."

வேண்டாவெறுப்பாக வந்தார். அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் ஒரு கோப்பை, மெஷின் தண்ணீரில் ஒரு கோப்பை. ஒரே டின், ஒரே அளவு இலை. ஒன்று பொன் மாதிரி நின்றது. மற்றதில் பேனாவைத் தொட்டு எழுதலாம்.

"இலை ஒண்ணுதான் சார். தண்ணியத்தான் கேக்கணும்."

பைப்புக்காரர் வந்து மெஷினுக்குப் போகும் குழாயைக் கழற்றினார். நடுவில் ஒரு முழம் இரும்புத் துண்டு. வாளிக்கு மேலே தட்டினார், துரு கூழாகக் கொட்டியது.

"இதை யாருய்யா இங்க போட்டது?" என்றார் மேனேஜர்.

பைப்புக்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்கதான் சார். போன வாரம் குழாய் ஒழுகினப்போ, குடோன்ல கிடக்கிற துண்டை வெச்சு ஒட்டுன்னீங்க."

நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா அடக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை புதுக் குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா கோப்பையை வெளிச்சத்தில் காட்டித் தலையாட்டிய பிறகுதான் மெஷினைப் போட்டாள். முதல் விரிப்பு வெள்ளை வெளேரென்று வந்தது. இரண்டாவது, பத்தாவது, ஐம்பதாவது. என் உருளை வழியே வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது.

அப்போது மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் பழி சொன்னது நடுக்கூடத்தில் இல்லையா?

"என்ன சார்? மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எட்டி, இரண்டு மெஷினின் சிவப்புப் பொத்தானையும் அமுக்கினாள். ஓடுகிற மெஷினைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. நானும் உருளையை நிறுத்தினேன். கூடம் கப்சிப். அத்தனை தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

மேனேஜருக்குக் காது சிவந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கறை இவங்களால வரல. நான் போடச் சொன்ன குழாயால வந்துச்சு. தப்பு என்னோடது. இவங்க எங்கேயும் போகல, இங்கதான் இருப்பாங்க. டீயும் குடிக்கலாம்." பிறகு என்னிடம், "இப்ப கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இத்தனை வாய் பேசுகிற நான், சந்தோஷத்தில் மரம் மாதிரி நின்றேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

"அடியே, அழுதது போதும், விரிப்பு கருகுது!" என்று அக்கா அலறினாள்.

சூடான உருளைக்கு அடியில் பாதி விரிப்பை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். இழுத்தெடுத்தேன். நட்டநடுவில், முறத்தளவுக்குப் பழுப்பு. இதை நிஜமாகவே நான்தான் செய்தேன், மேனேஜர் கண் முன்னாலேயே.

அவர் விரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கி, பழுப்பு உள்ளே மறையும்படி நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.