தாங்குது மாப்ள!

யார் வீட்டில் விளக்கு அணைந்தாலும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவருவார் வயர்மேன். போன ஃபியூஸைப் போட்டுத் தருகிறவர் என்பதால் தெருவே அவரை ‘பீஸ்’ என்றுதான் கூப்பிடும். அதற்குக்கூடச் சிரித்துவிட்டுப் போகிறவர். அவருடைய பொறுமை தீர்ந்துபோகிற இடம் ஒன்றே ஒன்று, அக்கா புருஷனின் தையல் கடை.

அங்கே பீஸ் கட்டையைப் பிடுங்கினால் பீஸ் கம்பியைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். ஒரு தடவை சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள். போன தடவை ஆணி. இன்றைக்கு, மெயினை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பிடுங்கினால், அக்காவின் கொண்டை ஊசி!

“என்ன மாமா இது?”

“தாங்குது மாப்ள! நீ போட்ட கம்பி தொட்டதுக்கெல்லாம் புட்டுக்குது. இது மலை மாதிரி நிக்குது பாரு.”

வயர்மேனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தத் ‘தாங்குது’ என்ற சொல்லோடு அவருக்கு ஆயுசுச் சண்டை. நாற்காலி தாங்க வேண்டும், பாலம் தாங்க வேண்டும், பீஸ் மட்டும் தாங்கவே கூடாது என்று அவர் தொண்டை வற்றக் கத்தாத வாசல் இல்லை.

“அது உருகறதுக்குன்னே போடற கம்பி மாமா. செவுத்து வயர் பதினஞ்சு ஆம்பியர்தான் தாங்கும். அதுக்கு முன்னாடி பீஸ் போகணும். உங்க ஊசி முப்பது போனாலும் அசையாது. அப்ப எது எரியும்?”

“ஊசி எரியாதுல்ல? அப்புறம் என்னடா?”

வயர்மேன் அக்காவைக் கூப்பிட்டார். “அந்தத் துணி மூட்டைக்குப் பின்னாடி வயர் பைப்பு ஓடுதுல்ல, தொட்டுப் பாருக்கா.”

தொட்ட கையை அக்கா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தலைக்கு மேலே, மாடியில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மூட்டைகளைச் சுவரைவிட்டு இழுத்துப் போட ஆரம்பித்தாள்.

வயர்மேன் மெல்லிய கம்பியைச் சுற்றி, கட்டையைச் செருகி, மெயினைப் போட்டார். மாமா வீம்புக்கு மூன்று இஸ்திரிப் பெட்டிகளையும் ஒன்றாகப் போட்டார். தையல் மெஷின்கள் வேறு ஓடின.

டப்!

“பாத்தியா, தாங்கல!” என்றார் மாமா இருட்டில்.

“தாங்காததாலதான்யா கடை கடையா இருக்கு!” என்றாள் அக்கா. “ரெண்டு பெட்டியை அணை. தம்பி, என் ஊசியைக் குடு.”

வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். பக்கத்தில் ஏதோ கலகலவென்றது. ஊசி போன பீஸ் கட்டைக்கு, மாமாவின் கை மேஜைமேல் சாவிக்கொத்தின் கம்பி வளையத்தைத் துழாவிக்கொண்டிருந்தது.