நாங்கள் நேரில் பார்த்திராத தமிழரசி மேடம்

புதன்கிழமை மாலை கைப்பேசி ஒலித்தபோது, பொன்னி என் வீட்டு நாற்காலியில் வகுப்புக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அழைத்தவர் தமிழரசி மேடம் அல்லர்; அவருடைய கணவர்.

"இன்னிக்கி கிளாஸ் கெடையாது சார். காலைல நெஞ்சு வலின்னு சொன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள... தமிழு போய்ட்டா சார்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் குழந்தையும் அவள் தாய் அலமேலுவும் கேட்டுவிட்டார்கள். "சரிங்க" என்று சொல்லி வைத்தேன்.

மேடம் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். பொன்னியைப் போல அண்ணப்பிளவோடு, அதாவது மேல்வாய் பிளந்து, பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து மூடினாலும் பேச்சு தானாகத் திருந்திவிடுவதில்லை. காற்று மூக்கு வழியே போய்விடும். பல எழுத்துகள் தொண்டையிலேயே நின்றுவிடும். வாராவாரம் கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரக் கூலி வேலைக்காரர்களால் ஆகாது. ஆகவே மேடம் கைப்பேசியிலேயே சொல்லிக்கொடுத்தார். மலைமேல் கரியாலூரில் என் வீட்டில் ஓரளவு சிக்னல் கிடைக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியனான எனக்கு அந்தக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை வாய்த்தது. அவரைப் பற்றி எழுத அது போதிய தகுதியா என்று தெரியவில்லை.

பள்ளியில் பிள்ளைகள் மூக்கால் பேசிக் காட்டியதால் பொன்னி படிப்பை நிறுத்தியிருந்தாள். "ஜூன்ல இவ திரும்ப இஸ்கூலுக்குப் போவணும். அதுக்குள்ள நாலு பேருக்கு வெளங்கற மாரி பேசணும்" என்று முதல் நாளே மேடம் சொன்னார்.

உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்ல வேண்டும். காகிதம் அசைந்தால் காற்று வாய் வழியே வருகிறது என்று பொருள். மலையில் படம் அடிக்கடி நின்றுபோய்க் குரல் மட்டுமே அவருக்குப் போய்ச் சேரும். சில வாரங்களில் 'பாப்பா', 'பப்பாளி' எல்லாம் தெளிவாகக் கேட்டதில் மேடத்துக்கு மகிழ்ச்சி. ஒருநாள் அலமேலு மரவள்ளி பிடுங்கப் போய்விட்டாள். பொன்னி தனியே சொன்னாள். தெளிவாக ஒன்றும் வரவில்லை. மேடம் அதுவரை கேட்டது தாயின் குரலை. மகளோடு சேர்ந்து அவளும் சொல்லிவந்திருக்கிறாள். அருகிலிருந்த நானும், பெண்ணுக்கு அப்படித் தைரியம் கொடுக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மேடம் கோபிக்கவில்லை.

"அலமேலு, நீ நல்லா பேசற. ஒன்ன பாஸ் போட்டுட்டேன். இனிமே பாப்பாவ பேச வுடு."

"அது பேசறது எனக்கு நல்லா வெளங்குதுங்களே."

"ஒனக்கு வெளங்கும். பஸ் கண்டக்டருக்கு?"

"நான்தான் கூடவே இருக்கறேனுங்களே."

"எத்தினி நாளிக்கி?"

அன்றுமுதல் வகுப்பு முடியும்வரை அலமேலு வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. ஒருமுறை சிரிப்பை அடக்க முடியாமல் என் வேட்டியை நனைத்துவிட்டாள். "சாருக்கு இன்னிக்கி ரெண்டாம் குளியலா?" என்றது கைப்பேசிக் குரல். அதன்பிறகுதான் பொன்னியின் காகிதம் அசைந்தது. 'ப' வந்தது. பிறகு 'த' வந்தது.

அந்த அழைப்பு வந்த மறுநாள் மூவரும் முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் மேடம் படுத்திருந்தார். கைப்பேசியில் முகம் மட்டுமே பார்த்துவந்த பொன்னி தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது பொண்ணு?" என்று உறவுக்கார அம்மாள் ஒருவர் அலமேலுவைக் கேட்டார்.

அலமேலு உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். பொன்னி நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னாள்: "டீச்சரு இத்தினூண்டுதானா?"

"ஆமாம்மா, எங்க தமிழு குள்ளந்தான்" என்று அந்த அம்மாள் உடைந்து அழுதார்.

மேடத்தின் இடத்துக்கு இதுவரை யாரும் வரவில்லை. மருத்துவமனையில் விசாரித்தால், பார்க்கலாம் என்கிறார்கள். பள்ளி திறக்கப் போகிறது. 'க' இன்னும் பொன்னியின் தொண்டையைவிட்டு வரவில்லை. அவளாகவே சொல்லிப் பார்க்கிறாள். சரியா என்று என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியவில்லை, மேடம். போய் வாருங்கள்.