ராஜேஸ்வரிக்கு வந்த ஆங்கிலக் கடிதம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன், பதுளையில் என் கடைக்கு ராஜேஸ்வரி வந்தார். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். பழைய வாடிக்கையாளர். லீவு கேட்கத் தோட்ட ஆபீஸுக்குப் போனபோது, ‘உனக்கொரு கடுதாசி கிடக்கு’ என்று கிளார்க் கொடுத்தாராம்.

“அண்ணே, என்னா எழுதிருக்குன்னு பாருங்க. எல்லாம் இங்கிலீசுல இருக்குங்க.”

படித்தேன்.

வருடத் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு தோட்டத்துக்கு வந்திருக்கிறது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாய்ப் பரிசோதனை. நீல ஒளியை வாய்க்குள் அடித்தால் நல்ல சதை பச்சையாக மினுங்கும். சந்தேகமான இடம் கறுத்துத் தெரியும். அங்கே பேனா மாதிரி இன்னொரு கருவியை வைப்பார்கள். அதன் ஒளி சதைக்குள் இறங்கி, அடியில் இருக்கும் அடுக்குகளைப் படம் பிடிக்கும். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். அருமையான ஏற்பாடு!

இரண்டும் சேர்ந்து ராஜேஸ்வரியின் கன்னத்துக்குள் ஒரு புள்ளியைப் பிடித்துவிட்டன. ‘புற்றுநோயாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகவும்’ — இதுதான் கடிதம்.

தேதியைப் பார்த்தேன். ஐந்து மாதம் பழசு!

ஆபீஸுக்குப் போன் போட்டேன். “ஏதோ பொது ரிப்போர்ட்னு ஃபைல்ல போட்டுட்டோம் சேர்” என்றார் கிளார்க். குழுவில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். “நாங்க அனுப்பிட்டோமே?” என்றார்.

அனுப்பினார்களாம்! தமிழில் நாலு வரி எழுத ஆளில்லையா? ஒரு போன் எடுக்க விரல் இல்லையா?

“தெனமும் அந்த ஆபீஸ் வாசலத் தாண்டித்தான் பேரு பதியப் பெரட்டுக்குப் போறேன். ஒருத்தராச்சும் கூப்பிட்டுச் சொல்லிருக்கலாமேண்ணே...” ராஜேஸ்வரி அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புற்றுநோய்தான். ஆபரேஷனில் கன்னத்தின் உட்புறம் பெரும்பகுதி போய்விட்டது. அப்போதே வந்திருந்தால் சின்னதாக வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். உயிர் பிழைத்தார். பேச்சு குழறுகிறது. கஞ்சிதான் சாப்பாடு.

போன வாரம் நான் பார்க்கப் போயிருந்தபோது, அதே குழுவின் ஆள் லயத்து வீட்டுக்கே வந்தார். ராஜேஸ்வரியின் படங்களை மாநாட்டில் காட்டக் கையெழுத்து வேண்டுமாம். படிவம் எதில் இருந்தது தெரியுமா? தமிழில். சுத்தமான தமிழ்!

கிழித்துப் போடச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ராஜேஸ்வரி முந்திக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, சிரமப்பட்டு:

“என்னோட சேந்து... எத்தனையோ பேரு வாயக் காட்டுனாங்களே... அவங்க கடுதாசியெல்லாம்... குடுத்தீங்களா?”

வந்தவரை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். ஃபைலைத் திறந்தோம்.

உள்ளே இன்னும் பதினொரு கவர்.

இரண்டு மாதமாக எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.