குறியை அழிக்கிற வேலை

செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பற்றி ஆராய்கிறேன். தாராவியில் எங்கள் சந்தில் செல் என்றால் மொபைல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிலர் உடைந்த போனோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்புதான். ஆனால் "ஒம்மவ என்ன வேல பாக்கா?" என்று யாராவது கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். அதுதான் உறுத்தியது. பெற்றவளுக்காவது புரிய வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையிலிருந்து வந்த சட்டைகளில் அம்மா பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நம் உடம்பின் செல்லுக்குள்ளே சக்தி தயாரிக்க மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக்குட்டியாக நிறைய இருக்கும். ஒன்று பழுதானால் செல் அதன்மேல் குறி போடும். குறி விழுந்ததை வளைத்துப் பிடித்துக் கரைத்துவிடும்.

கத்தரிக்கோல் நின்றது. "நம்ம கதவுல நம்பர் எழுதிட்டுப் போனானுவளே, அது மாதிரியாட்டி?"

குடியிருப்பை இடித்துக் கட்டுவதற்காகச் சர்வேக்காரர்கள் வந்து கதவுகளில் நம்பர் போட்டுவிட்டுப் போனதிலிருந்து நம்பர் என்றாலே அம்மாவுக்கு ஆகாது. எங்கள் கோலியை, இந்த ஒற்றை அறை வீட்டை, இடித்துவிட்டால் எங்கே போவது என்ற பயம்.

"இதுக்கா இம்புட்டுப் படிச்ச? இடிக்கிறவனுக்கு வழி காட்டவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முழுசாக் கேளும்மா. பழுத எடுக்கலன்னா செல்லே செத்துரும். ஆனா சிலது லேசாச் சோர்ந்துதான் இருக்கும், விட்டா தேறிரும். அது மேல விழுந்த குறிய அழிக்க ஒரு புரோட்டீன் இருக்கு. அது எப்ப அழிக்கும், எப்ப விட்டுரும்னு பாக்கதுதான் என் வேல."

அம்மா மடித்த சட்டையையே மறுபடி மடித்தாள். இனி சொல்லிப் பயனில்லை என்று டீ போட எழுந்தேன்.

கீழே புதிதாகக் குடிவந்தவள் எங்கள் மாடிக்கு வரும் ஏணியில் ஏறித் தலையை நீட்டினாள். "மவளுக்கு இன்னிக்குச் சுட்டியாக்கா, லீவா? என்ன வேல பாக்கா?"

அம்மா பேச்சை மாற்றவில்லை. "ஒடம்புக்குள்ளயும் நம்பர் போட்டுத்தான் இடிக்குமாம். தேறும்னு இருந்தா அந்த நம்பர அழிச்சிரணும்லா? எம்மவ அந்த வேலையாக்கும்."

நான் அழிப்பதில்லை, ஆராய்கிறேன் என்று திருத்த வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

வந்தவள் சிரிக்கவில்லை. "அப்ப நம்ம கதவுக்கும் ஒரு வழி பண்ணச் சொல்லுங்கக்கா."

"அவ ஒடம்புக்குத்தான் பாக்கா," என்றாள் அம்மா. "கதவுக்கு நாமதான் பாக்கணும்."